கைக்குழந்தை இருக்கிறதா? வாங்க, திருவிழாவுக்குப் போவோம்!



நம்ம ஊர்ப்பக்கம் ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது. தையில் பொங்கல் விளையாட்டு, ஆற்றுத் திருவிழா. பங்குனி, சித்திரையில் தேர், பாரதக் கூத்து. ஆடியில் கூழ் ஊற்றுதல். கார்த்திகையில் சொக்கப்பனை. இடையிடையே பள்ளி ஆண்டு விழா, அங்கன்வாடி நிகழ்ச்சி, கிராம சபை. எதற்கும் டிக்கெட் கிடையாது. ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவானவை.

ஆனால் குழுக் கூட்டத்தில், "கூத்து எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், சிறு குழந்தை வைத்திருக்கும் உறுப்பினர்களிடமிருந்து நாங்கள் பெரும்பாலும் கேட்கும் பதில் ஒன்றுதான். "நாங்க எங்கம்மா போனோம்? கைப்புள்ளக்காரி வீட்ட விட்டு அசைய முடியுமா?"

யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு 5 வயது ஆகும்வரை தாய் வீட்டிலேயே இருக்கிறாள். அடுத்த குழந்தை பிறந்தால் இன்னும் 2, 3 வருடம் கூடும். இப்படி 7, 8 வருடம் ஒரு பெண் ஊர்ப் பொது நிகழ்ச்சி எதிலும் இல்லாமல் போகிறாள். கூத்து போனால் போகட்டும் என்று விடலாம். கிராம சபையும் சேர்ந்தே போய்விடுகிறதே! அங்கன்வாடியில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வேண்டியவர் யார்? குழந்தை வைத்திருக்கும் தாய்தானே?

ஆகவே இந்த இதழில், சிறு குழந்தையோடு ஊர் நிகழ்ச்சிகளுக்கு எப்படிப் போவது, எப்படிப் பத்திரமாகத் திரும்புவது என்று பார்ப்போம்.

குழந்தைக்கு இதனால் என்ன லாபம்?

"ஒண்ணுமே புரியாத வயசு, இதுக்கு என்ன தெரியப் போகுது?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிஜம் வேறு. மனித மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி 6 வயதுக்குள் நடந்துவிடுகிறது. இந்த வயதில் குழந்தை பார்ப்பது, கேட்பது, தொடுவது, ஆள்களோடு பேசுவது எல்லாமே மூளைக்குத் தீனி. சத்துமாவு உடம்புக்கு எப்படியோ, பேச்சும் விளையாட்டும் மூளைக்கு அப்படி.

பம்பைச் சத்தம் கேட்டு, "அது என்னா?" என்று குழந்தை கேட்கிறது. "பம்பை அடிக்கிறாங்க, சாமி வருது" என்று நாம் சொல்கிறோம். உடனே "ஏன் அடிக்கிறாங்க?" என்று அடுத்த கேள்வி வருகிறது. இப்படி மாறி மாறிப் பேசுவதில்தான் மொழி வளர்கிறது. கைபேசியில் ஓடும் பாட்டு நம் குழந்தையின் கேள்விக்குப் பதில் சொல்லாது. 2 வயதுக்குள் திரை பார்ப்பதே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுரை கூறியுள்ளது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் மொத்தம் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்றும் அதே அறிவுரை சொல்கிறது. வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் எங்கே ஓடுவது?

இன்னொன்றும் தெரிந்துகொள்வோம். ஓய்வு, விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளில் பங்கேற்பது குழந்தைகளின் உரிமை என்று ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை (1989) 31ஆவது பிரிவில் சொல்கிறது. இந்தியா 1992இல் இதை ஏற்றுக்கொண்டது. ஆக, குழந்தையைக் கூத்துக்குத் தூக்கிப் போவது வெட்டி வேலை இல்லை.

முழுசா பார்த்தே ஆகணுமா?

இங்கேதான் பலரும் சிரமப்படுகிறோம். போனால் கடைசிவரை இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். குழந்தை அழுகிறது, நமக்கும் கோபம் வருகிறது, "இனிமே வரவே கூடாது" என்று முடிவெடுக்கிறோம். குழந்தையின் அளவு வேறு, நம் அளவு வேறு.

1 வயது வரை: அரை மணி நேரம் போதும். கூட்டத்தின் ஓரத்தில் நின்று வெளிச்சம், சத்தம், மனிதர்களைப் பார்க்கட்டும். பிறந்து சில மாதமே ஆன குழந்தையைப் பெருங்கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம்.

1 முதல் 3 வயது: ஒரு மணி நேரம். இந்த வயதுப் பிள்ளைக்கு மேடையில் நடப்பதைவிடக் கீழே கிடக்கும் பூவும் மணலும்தான் பெரிய வேடிக்கை. அதையே பார்க்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

3 முதல் 6 வயது: கதை புரிய ஆரம்பிக்கும். போகும் முன்பே கதையைச் சொல்லி அழைத்துப் போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் உட்காரும்.

தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது. 1, 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கம் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. இரவில் போவதாக இருந்தால் மதியம் நன்றாகத் தூங்க வையுங்கள். தூங்கும் நேரம் வந்துவிட்டால் கிளம்பிவிடுங்கள். சாமியும் கோவித்துக்கொள்ளாது, கூத்துக்காரரும் கோவித்துக்கொள்ள மாட்டார்!

எந்த நிகழ்ச்சி, எந்த நேரம்?

பாரதக் கூத்து: விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் சொல்வார்கள், இரவில் கூத்து நடக்கும். கூத்து பெரும்பாலும் இரவு 10 மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை போகும். சிறு பிள்ளைக்கு அது ஒத்துவராது. அதனால் சாயங்காலமே ஒப்பனைக் கொட்டகைப் பக்கம் போய், கூத்துக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, முகத்தில் அரிதாரம் பூசுவதையும் கிரீடம், புஜக்கட்டை கட்டுவதையும் குழந்தைக்குக் காட்டுங்கள். "இந்த மாமாதான் துரியோதனனா வரப் போறாரு" என்று சொல்லி வையுங்கள். பிறகு திரைக்குப் பின்னால் இருந்து வேஷம் ஆடிக்கொண்டு வரும்போது குழந்தை பயப்படாது. தொடக்கத்தில் வரும் கட்டியங்காரன் சிரிக்க வைப்பார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம். துகில் உரியும் கட்டம் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

படுகளம்: மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்கும். இது பெரும்பாலும் பகலில் நடப்பதால் குழந்தைக்கு ஏற்றது. வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள்.

தீமிதி: தூரத்தில் இருந்து மட்டும் பார்க்கலாம். வேண்டுதல் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு குண்டத்தில் இறங்க வேண்டாம். கால் இடறினால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. குழந்தைக்காக வேறு வேண்டுதல் எத்தனையோ இருக்கிறது.

ஆற்றுத் திருவிழா: தை 5ஆம் நாள் தென்பெண்ணை ஆற்றங்கரைக்குச் சுற்று ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். சிறுவள்ளிக் கிழங்குக் கடையும் மணல்வெளியும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். காலையிலேயே போனால் கூட்டம் குறைவு. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. தண்ணீர் ஓரத்தில் குழந்தையின் கையை விடவே கூடாது.

தேர்: தேர்ச் சக்கரம், வடம் பக்கம் குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது. திண்ணையிலோ உயரமான இடத்திலோ நின்று பாருங்கள்.

சொக்கப்பனை: காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். புகையும் பொறியும் நம் மேல் வராது. மாவலி சுற்றும் பையன்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

அங்கன்வாடி, நூலகம்: கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு இவை நல்ல தொடக்கம். செப்டம்பர் மாதம் ஊட்டச்சத்து மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அங்கன்வாடியில் சமையல் காட்சி, பாட்டு, விளையாட்டு நடக்கும். கிளை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் பணம் கட்டத் தேவையில்லை. படப் புத்தகம் எடுத்துக் காட்டுங்கள். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம்.

இலவச நிகழ்ச்சியில் 300 ரூபாய் செலவு!

பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆனால் கடைத்தெரு இருக்கிறதே! ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பலூன் 20, பஞ்சுமிட்டாய் 20, ஐஸ் 30, ராட்டினம் 50, பஜ்ஜி 80, பொம்மை 100. மொத்தம் 300 ரூபாய். வாரம் 50 ரூபாய் சேமிக்கும் உறுப்பினருக்கு இது 6 வாரச் சேமிப்பு. திருவிழா முடிந்த வாரம் "இந்த வாரம் சந்தா கட்ட முடியலக்கா" என்ற பேச்சு ஏன் வருகிறது என்பது இப்போது புரிகிறதா?

அதற்காகக் குழந்தையை ஏங்க விட வேண்டாம். வீட்டிலேயே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். பசித்த குழந்தைதான் கண்டதையும் கேட்கும். இட்லி, வாழைப்பழம், காய்ச்சி ஆறிய தண்ணீர் பையில் இருக்கட்டும். "ஒரே ஒரு பொருள்தான், நீயே எடுத்துக்கோ" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இது புரியும். தானே தேர்ந்தெடுத்த ஒரு பொம்மையை அது பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

பக்கத்து ஊர் என்றால் சாதாரண நகரப் பேருந்தில் போகலாம். 2021 மே மாதத்தில் அதில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. 5 வயது வரையுள்ள குழந்தைக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் வேண்டியதில்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது.

பத்திரம்! பத்திரம்!

1. குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உடம்பில் தடிப்பு இருந்தால் போக வேண்டாம். மற்றக் குழந்தைகளுக்கும் பரவும். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒரு முறை, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு முறை போட வேண்டும். போட்டாச்சா என்று அட்டையைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

2. ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னால் குழந்தையோடு உட்காராதீர்கள். பிஞ்சுக் காது தாங்காது. பக்கத்தில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், குழந்தைக்கு அந்த இடம் ஆகாது.

3. வேர்க்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை, கிழிந்த பலூன் துண்டு இவை சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கொடுக்காதீர்கள். பலூனுக்கு எரிவாயு நிரப்பும் சிலிண்டர் பக்கமே போகாதீர்கள். அவை வெடித்த விபத்துகள் உண்டு.

4. தங்க வளையல், வெள்ளி அரைஞாண், கொலுசு எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வையுங்கள். நகைக்காகவே குழந்தையைக் குறிவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

5. கிளம்பும்போது அன்றைய உடையோடு கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் உங்கள் கைபேசி எண் எழுதிய சீட்டை வையுங்கள், அல்லது கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

6. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும், "கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று குழந்தையைத் தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். குழந்தை ஒருவரிடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் வற்புறுத்தாதீர்கள்.

குழந்தை காணாமல் போய்விட்டால்? கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிதறி ஓடக் கூடாது. ஒருவர் அதே இடத்தில் நிற்க வேண்டும். குழந்தை திரும்பி அங்கேதான் வரும். ஒருவர் மைக்செட்காரரிடம் ஓடி அறிவிக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் கிணறு, குளம், ஆறு இருந்தால் ஒருவர் முதலில் அங்கே ஓட வேண்டும். பணியில் இருக்கும் காவலரிடம் படத்தைக் காட்டுங்கள். 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டுக்கும் காசில்லாமல் பேசலாம். அடிபட்டால் 108.

"ஊரு என்ன சொல்லும்?"

"புள்ளயத் தூக்கிக்கிட்டு கூத்து பாக்கப் போயிட்டா பாரு" என்று ஒரு பேச்சு வரத்தான் செய்யும். அதே குழந்தையை அதன் அப்பா தோளில் தூக்கிப் போனால், "எவ்வளவு பாசமான அப்பா!" என்கிறார்கள். அப்படியானால் அப்பாக்களும் தூக்கட்டுமே! போகும்போது நீங்கள், வரும்போது அவர் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். "கண்ணு பட்டுடும்" என்று மாமியார் சொன்னால் சண்டை வேண்டாம். கன்னத்தில் ஒரு பொட்டு மை வைத்துக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பேச்சுக்கு வராத வேறு சில விஷயங்களும் உண்டு. கணவரை இழந்த சகோதரி நல்ல காரியம் நடக்கும் இடத்துக்கு வரத் தயங்குகிறார். அவர் வராததால் அவர் குழந்தையும் வருவதில்லை. மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் தாய், மற்றவர்கள் பார்க்கும் பார்வைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். சில ஊர்களில் ஒரு தெருப் பிள்ளைகள் இன்னொரு தெருவில் நடக்கும் விழாவை எட்ட நின்றுதான் பார்க்கிறார்கள். நம் குழுவில் சேமிப்பு, கடன் என்று வரும்போது எல்லோரும் சமம். திருவிழாவில் மட்டும் எப்படி மாறிப் போகும்? "வாக்கா, நாங்க இருக்கோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் சேர்ந்து போனால், பேசுகிறவர்கள் வாயும் கொஞ்ச நாளில் ஓயும். இதைத் தனி ஒருத்தியால் செய்ய முடியாது, குழுவால் முடியும்.

குழு என்ன செய்யலாம்?

சிறு குழந்தை உள்ள உறுப்பினர்கள் 5, 6 பேர் சேர்ந்து ஒரே இடத்தில் பாய் விரித்து உட்காருங்கள். 2 பேர் ஒரு மணி நேரம் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் நிம்மதியாக நிகழ்ச்சியைப் பார்க்கலாம். பிறகு முறை மாறுங்கள். ஒருவர் மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்வது கூடாது. எப்போதும் 2 பேர் இருக்க வேண்டும். குழந்தையை அதன் தாயிடம் மட்டுமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விழாக் குழுவிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். தாய்மார்கள் பால் கொடுக்க ஒரு மறைப்பு, குடிநீர், கழிப்பறை, ஒலிபெருக்கி இல்லாத ஒரு பக்கம். இவ்வளவுதான் நாம் கேட்பது. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015இல் திறக்கப்பட்டன. நம் ஊர்த் திருவிழாவில் நாலு கழியும் இரண்டு சேலையும் இருந்தால் ஒரு மறைப்பு தயார்.

கிராம சபைக்கும் இதே முறைதான். முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று 4 நாள். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து 6 நாள் ஆனது. அன்றைக்குக் குழந்தையோடு போங்கள். குழந்தை அழுதால் ஒருவர் வெளியே தூக்கிக்கொண்டு போகட்டும், தாய் எழுந்து பேசட்டும். பிள்ளைகள் சத்தம் போட்டால் போடட்டும். அவர்களுக்காகத்தானே அந்தத் தீர்மானம்!

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் 6 வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள உறுப்பினர்கள் எத்தனை பேர்? கடைசியாக எந்த ஊர் நிகழ்ச்சிக்கு வந்தார்கள்?

2. வரும் 3 மாதத்தில் நம் ஊரிலும் பக்கத்து ஊரிலும் என்னென்ன நிகழ்ச்சிகள் வருகின்றன? தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.

3. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் குழந்தைகளோடு சேர்ந்து போவோம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் முதல் முறை யார் யாருக்கு?

4. யாரை நாம் இதுவரை அழைக்காமல் விட்டிருக்கிறோம்? அவர் வீட்டுக்கு யார் போய் அழைப்பது?

நிகழ்ச்சிக்குப் போய் வந்த மறுநாள், "நேத்து யாரு வந்தாங்க? என்னா சத்தம் கேட்டுச்சு?" என்று உங்கள் குழந்தையிடம் கேளுங்கள். அது மழலையில் சொல்லும் பதிலை எழுதி உங்கள் குழுக் கணக்காளரிடம் கொடுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்தில் எல்லோரும் படித்து மகிழ்வோம்.